பிரிசில்லா ஒட்டாத ஸ்டிக்கர்

ஒடுகத்தூரிலிருந்து ஆம்பூருக்குப் போகும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் ஒன்றுக்குப் பட்டா வாங்காத சொந்தக்காரி பிரிசில்லா. செக்கிங் செக்‌ஷனில் வேலை. தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் தோல் சுருங்கிய இடத்திலும் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு விழுந்த ஷூ வந்த வழியே திரும்பிப் போகும். தைத்தவளின் முகமும் கூடவே போகும்.

அவள் கண் அப்படிப்பட்டது. கல்யாணமாகி வந்த அன்றே, சுவரில் தொங்கிய மாமனார் போட்டோவைப் பார்த்து, கோட்டில் ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருக்கிறது என்று சொன்னவள். இன்னொரு தடவை ஆம்பூரில் ஒரு நிக்காஹுக்குப் போன இடத்தில், மாப்பிள்ளையின் ஷூவில் ஒரு தையல் எகிறியிருப்பதைப் பார்த்துவிட்டு, அவரை உட்கார வைத்துக் கழற்றச் சொன்னாளாம். நிக்காஹ் அதுவரை காத்திருந்ததாம். இதில் பாதிதான் நடந்தது. எந்தப் பாதி என்று கேட்கக் கூடாது.

ஊரார் குறையெல்லாம் தெரிகிற அந்தக் கண்ணுக்கு, பெற்ற பிள்ளை பிரேம்நாத் மேல் மட்டும் ஸ்டிக்கர் ஒட்ட வராது. இருபதைத் தாண்டியவன். மீசை அரும்பியிருக்கிறது. சட்டைப் பட்டனை மேலிருந்து போட ஆரம்பித்தால் கீழே வரும்போது ஒன்று மிஞ்சிவிடும். தட்டில் போட்டால் சாப்பிடுவான். போடாவிட்டால் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஆனால் தெருவில் போகிற எல்லாரையும் "சாப்டாச்சா?" என்று கேட்பான். சர்ச் நாடகத்தில் வருஷா வருஷம் மூன்றாவது ராஜா அவன்தான். "அதோ நட்சத்திரம்" என்று ஒரே ஒரு வசனம். கிறிஸ்துமஸ் முடிந்தாலும் அவன் வசனம் முடியாது. டியூப் லைட் எரிந்தால்கூடக் கை நீட்டிச் சொல்லிவிடுவான்.

பிரிசில்லாவைக் கேட்டால், "அவனுக்கு இன்னா கொறச்சல்? எல்லாம் அவனே பண்ணிப்பான்" என்பாள். அப்படிச் சொல்வதற்கு வசதியாகச் சில ஏற்பாடுகளும் செய்து வைத்திருந்தாள். பட்டன் இல்லாத டி-ஷர்ட். எலாஸ்டிக் வைத்த பேன்ட். லேஸ் இல்லாத ஷூ. ஷூ கம்பெனிக்காரி மகன் காலில் லேஸ் வைத்த ஷூவை ஏன் பார்த்ததே இல்லை என்று தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சின்ன வயதில் அவனுக்கு வாங்கிய மாற்றுத்திறனாளிச் சான்று காலாவதியானது. மறுபடி வேலூரில் நடக்கும் மருத்துவ முகாமுக்குப் போய்ப் பரிசோதித்துப் புதுசு வாங்க வேண்டும். அது இருந்தால்தான் மாதா மாதம் வரும் உதவித்தொகை வரும். அந்தப் பணம் வந்தால்தான், அணைக்கட்டில் இருக்கும் பகல் நேர மையத்துக்குப் பிரேம்நாத்தை ஏற்றிப் போகிற வேன் வரும். வேன் வந்தால்தான் பிரிசில்லா கம்பெனி பஸ் ஏற முடியும். புருஷன் தேவசகாயம் லாரியோடு கிளம்பினால் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஆகவே வேன் நின்றால் வேலையை விட வேண்டும், இல்லை மகனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? ஆனால் அவள் கம்பெனிக்காரி. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வரும் நாளில் கம்பெனியில் தரையெல்லாம் பளபளக்கும். அம்பு ஒட்டின ஷூக்கள் மேஜைக்குக் கீழே ஒளியும். இருப்பதிலேயே நல்ல ஜோடி சாம்பிளாக மேலே உட்காரும். பரிசோதனை என்றால் பிரிசில்லாவுக்குத் தெரிந்தது இதுதான்.

வேலூர் லாங் பஜாரில் அவனுக்கு நீலச் சட்டை எடுத்தாள். முகாமுக்குப் போய் வந்தவர்களிடம் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தாள். பேர், ஊர், கிழமை, ரூபாய் நோட்டு, வலது கை, இடது கை என்று காலையும் மாலையும் பாடம் நடந்தது. "அங்க லைட்ட பாத்து நட்சத்திரம்னு சொன்ன, பிரியாணி கெடையாது" என்று எச்சரிக்கையும் நடந்தது.

முகாமில் பிரேம்நாத் சாம்பிள் ஜோடி மாதிரியே உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் பதில். பிறகு உளவியல் பார்க்கும் மேடம் பிரிசில்லாவின் பக்கம் திரும்பினார்.

"தானா குளிப்பாராம்மா?"

"குளிப்பான் மேடம்."

"பட்டன் போட்டுப்பாரா? ஷூ லேஸ் கட்டுவாரா?"

"அதெல்லாம் ஜோரா பண்ணுவான்."

"தனியா கடைக்குப் போய் மீதி சில்லறை வாங்கிட்டு வருவாரா?"

"மளிகைக் கடைக்காரராலயே அவன ஏமாத்த முடியாது மேடம்."

அன்று பிரிசில்லா வெளியே வந்த நடையைப் பார்த்தவர்கள், பையன் கலெக்டர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான் என்றே நினைத்திருப்பார்கள். பிரியாணியும் வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் சான்று வந்தது. அதை உதவித்தொகைக் கவுண்டரில் காட்டினாள். அங்கிருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாதிப்பு நாற்பது சதவீதமாவது இருக்கணும்மா. உங்க பையனுக்கு அதுக்குக் கீழ போட்டிருக்காங்க. உதவித்தொகை வராது."

"அவன் எல்லாத்துக்கும் பதில் சொன்னானே சார்."

"அதனாலதான்மா."

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட் ஜஹீதாவிடம் சொன்னாள். ஜஹீதா தையல் செக்‌ஷன். பிரிசில்லா ஒட்டின அம்பையெல்லாம் பிரித்துத் தைத்துத் தைத்து விரல் தேய்ந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவள். கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"என் தையல்ல ஒரு நூல் தள்ளிப்போனா அம்பு ஒட்றியே பிரிசி. அந்த ரூமுக்கு உன்னக் கூப்பிட்டதே அம்பு ஒட்டத்தான். அங்க போய் பாக்கெட்ல வச்சிக்கினு வந்திருக்க."

"எம்புள்ள இன்னா ரிஜெக்ட்டாக்கா?"

ஜஹீதாவின் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா ரிஜெக்ட்னு? அம்பு ஒட்டினா இன்னா அர்த்தம்? இந்த எடத்துல கை வேணும்னு அர்த்தம். ஒட்டலன்னா எனக்கு எப்டி தெரியும்? எந்த எடத்துல கை வெக்கணும்னு நான் ஜோசியமா பாப்பேன்?"

பிரிசில்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். தேதி வந்தது. லேஸ் வைத்த ஷூ ஒரு ஜோடி எடுத்து மகனுக்குப் போட்டாள். அதைக் கட்டிவிட்டதோடு சரி, பாடம் எதுவும் நடத்தவில்லை. உண்மையை மட்டும் சொல்லிவிடுவது என்று தீர்மானம். வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்: குளிக்க வெக்கணும், பட்டன் போட்டு விடணும், கடைக்கு அனுப்ப முடியாது.

அதே அறை. அதே மேடம். பிரேம்நாத் மேலே எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தான்.

"அதோ நட்சத்திரம்."

மேடமும் மேலே பார்த்தார். "அட, ஆமா. ஒருநாளும் கவனிக்கலியே" என்றார்.

"சாப்டாச்சா?"

"சாப்டேன் பிரேம். நீங்க?"

அவன் அம்மாவைப் பார்த்தான். மேடம் காகிதத்தைப் புரட்டினார். "போன தடவ எல்லாம் தானா செய்வார்னு சொல்லியிருக்கீங்க. மறுபடி கேக்கறேன். ஷூ லேஸ் கட்டுவாராம்மா?"

இத்தனை வருஷத்துப் பழக்கம் சும்மா விடுமா? "கட்டுவான் மேடம்" என்று வாய் முந்திக்கொண்டது.

பஸ் ஏறி இறங்கியதில் வலது கால் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. பேச்சு லேஸைப் பற்றி என்பது பிரேம்நாத்துக்குப் புரிந்திருக்க வேண்டும். காலைத் தூக்கினான். ஷூவோடு அம்மாவின் மடியில், இஸ்திரி போட்ட புடவை மேல் வைத்தான்.

பிரிசில்லாவின் கைகள் அவளைக் கேட்கவில்லை. இழுத்து, வளைத்து, முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகி, காலைத் தட்டிக் கொடுத்துவிட்டன. அப்புறம்தான் நிமிர்ந்தாள். மேடம் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்ட மாட்டான் மேடம்" என்றாள் பிரிசில்லா.

பிறகு நிறுத்த முடியவில்லை. குளிக்க வைக்க வேண்டும். சோப்பு கண்ணில் பட்டால் கழுவத் தெரியாது. பட்டன் போட மாட்டான். கடைக்கு அனுப்பினால் கையில் இருப்பதை வழியில் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவான். காய்ச்சல் வந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல மாட்டான், நெற்றியைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். சொல்லும்போது மகன் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த அவன் காலைக் கீழே இறக்கவுமில்லை. மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோவும் நீங்களே பாத்துக்கறீங்களா?"

"இது இன்னா மேடம், வேலையா?" என்றாள். பிறகுதான் அழுகை வந்தது. பிரேம்நாத் அவளைக் குனிந்து பார்த்து, "சாப்டாச்சா மா?" என்று கேட்டான்.

புது சான்று வந்த அன்று கம்பெனி பஸ்ஸில் ஜஹீதா கேட்டாள், "இன்னாச்சு பிரிசி?"

"எழுபத்தஞ்சு" என்றாள் பிரிசில்லா, முன் சீட்டுக்கும் கேட்கிற குரலில். போன தடவை எல்லாம் ஜோராகப் பண்ணுவான் என்று பெருமைப்பட்ட அதே வாய்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவள் பிள்ளை மார்க் எடுக்க வேண்டும்.

வேன் நிற்கவில்லை. கொஞ்சம் தாமதமாகக் கிளம்புகிறது, அவ்வளவுதான். லேஸ் இல்லாத ஷூவைப் போட்டுக்கொள்ள பிரேம்நாத் இப்போது சம்மதிப்பதில்லை. வேன் வந்து ஹாரன் அடித்ததும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மடியில் காலைத் தூக்கி வைக்கிறான். எதிர் வீடு, பக்கத்து வீடு, பால் வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, பிரிசில்லா நிதானமாகக் கட்டிவிடுகிறாள். டிரைவர் சமீருல்லா மறுபடி ஹாரன் அடித்தால், "இருப்பா, இன்னொரு கால் இருக்குது இல்ல?" என்கிறாள்.