வாயில்லாத விருந்தாளி

எங்கள் தென்காசி வீட்டுக் கொல்லையில் தென்னை வைத்த நாளிலிருந்து காண்டாமிருக வண்டோடு எனக்குப் பழக்கம். கறுத்து மினுங்கும் உடம்பு, மூக்கில் ஒரு கொம்பு. குருத்துக்குள் புகுந்துவிட்டால் ஓயாமல் மென்றுகொண்டே இருக்கும். ஆமணக்குப் புண்ணாக்கைப் பானையில் ஊறவைத்து மரத்தடியில் வைப்பேன்; அந்த வாடைக்கு ஆசைப்பட்டு வந்து விழும். என் வீட்டுக்காரரும் அந்த ரகம்தான். போலீஸ் வேலையில் ஓய்வு பெற்ற பிறகும், சோறு வெந்த மணம் வந்தால் போதும், அடுப்படி வாசலில் நிற்பார். "வண்டு வந்தாச்சு" என்பேன்.

போன சாரல் சமயத்தில் அவருக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பியவருக்குச் சாப்பாட்டு ஆசையே விட்டுப்போயிருந்தது. கொஞ்சமாவது சாப்பிட்டால்தான் தேறுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கஞ்சி, ரசம் சாதம், இட்லி, எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை தோளில் தொங்கியது. எனக்குப் பயம், என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

ஒருநாள் காலை அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. விரித்த சிறகு என் இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். செம்பழுப்பு நிறம், சிறகு நுனியில் பாம்புத் தலை மாதிரி ஒரு கோலம். குற்றால மலையிலிருந்து காற்றோடு இறங்கியிருக்க வேண்டும். வண்டைப் போல முட்டல் மோதல் ஏதுமில்லை. மத்தியானம் வரை அசையவே இல்லை.

வீடு தேடி வந்ததைப் பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை. மகள் குற்றாலத்தில் வாங்கி வந்திருந்த மங்குஸ்தானை உடைத்து, சுளைகளைத் தட்டில் வைத்து, ஸ்டூல் போட்டு அதன் அருகே வைத்தேன். "கூச்சப்படாம சாப்பிடு" என்று உபசாரமும் செய்தேன்.

மகள் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யம்மா, அதுக்குச் சாப்பிட வாயே கெடையாது. புழுவா இருக்கையில தின்னதோட சரி. கொஞ்ச நாள் அப்படியே இருந்துட்டுச் செத்துப்போகும்."

தட்டை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, அதுக்குத்தான வாயில்ல. எனக்கு இருக்குல்லா. இங்கன கொண்டா."

இரண்டு சுளை சாப்பிட்டார். சாயங்காலம் அவராகவே ரசம் சாதம் கேட்டார்.

சில நாட்களில் பூச்சி ஜன்னலோரம் இறந்து கிடந்தது. செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டுக் கைகூப்பினேன். அவ்வளவு நன்றி இருந்தது எனக்கு.

நேற்று சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது.

"தட்டு வச்சாச்சா?"

"வண்டு வந்தாச்சு" என்றேன். கண் கலங்கியதை, சோற்று ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.