செவலை மேடேறிய விதம்

டெல்லி அருங்காட்சியகத்தில், எங்கள் வெண்ணந்தூர்க் கிணற்றில் நீர் இறைத்த தோல் பறியின் அருகே நின்று, அது வேலை செய்த விதத்தைப் பார்வையாளர்களுக்கு விளக்க என்னை அழைத்திருந்தார்கள். தோல் வெடிக்காமலிருக்க யாரோ வேப்பெண்ணெய் பூசியிருந்தார்கள். அந்த வாடையில் பேச வந்ததில் பாதி மறந்துவிட்டது.

கிணற்றுமேட்டுச் சரிவில் எங்கள் காளை செவலையும் அதன் ஜோடியும் இறங்க, அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து பாரம் கொடுக்க, உருளை கிறீச்சிட்டுப் பறி மேலேறி வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும்; உடனே அவர் என்னோடு குதித்து முன்னால் போய், மூக்கணாங்கயிற்றைத் தொட்டு, “பொறகால போ சாமி” என்பார்; மாடுகள் திரும்பாமல், எங்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து மேடேறும்.

அங்கே இவ்வளவுதான் சொன்னேன்.

மோட்டார் வந்ததும் மாடுகளை விற்றோம். செவலையை வாங்கிய வண்டிக்காரர் எட்டாம் நாளே திருப்பி ஓட்டிவந்தார். “மேட்டக் கண்டா முன்னால ஏறவே மாட்டேங்குதுங்க. வண்டியப் பின்னால தள்ளுதுங்க.” வேறு யாரும் கேட்கவில்லை. கடைசியில் அடிமாட்டு லாரிதான் வந்தது.

சாய்த்துப் போட்ட பலகையில் நாலு பேர் இழுத்தும் செவலை ஏறவில்லை. கயிற்றால் அடித்தார்கள். பொறுக்காமல் அப்பா போய், அதை எங்கள் பக்கம் திருப்பி நிறுத்தி, மூக்கணாங்கயிற்றைத் தொட்டார்.

“பொறகால போ சாமி.”

எங்கள் முகத்தைப் பார்த்தபடியே அது லாரியில் ஏறியது.