மழை ஊரில் ஒரு தண்ணீர்க் கலயம்

இங்கே அணிலுக்கு முதுகில் கோடு இல்லை. சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய மறுநாள், என் மனைவி அழகம்மாள் பின்வாசல் படியில் நின்று முதலில் கவனித்தது அதைத்தான். "இது அணிலா, பெருச்சாளியாங்க?" என்றாள். அணில்தான் என்றேன், நம்பவில்லை. வேம்பும் முருங்கையும் இல்லாத, தகர வேலி அடைத்த துண்டு நிலம் அது. அந்த அணிலும் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

துறைமுகக் கிட்டங்கிக்கு நான் வேலைக்குப் போய்விட்டால், பகலெல்லாம் அந்த வெறுமையோடுதான் அவளுக்குப் பேச்சு. ஒருநாள் சொல்லிவிட்டாள்: "அண்டி வந்து ஒரு உசுரு ஒக்காராத வீட்டுல எப்பிடிங்க குடியிருக்கிறது? தை பொறந்ததும் என்னையக் கப்பலேத்தி விட்ருங்க." அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் வருமுன் பல வருஷம் இங்கே தனியாய்ப் பொங்கித் தின்றவன் நான். மறுபடியும் ஒற்றைத் தட்டைக் கழுவ மனமில்லை. பறவைகளை வரவழைத்தே தீருவது என்று இறங்கினேன்.

வல்லத்திராக்கோட்டைக்காரனுக்கு அது ஒரு வித்தையா? கத்திரி வெயிலில் எங்கள் கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். வேலியோரம் ஒரு கலயத்தில் தண்ணீர் வைத்தால் போதும். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, ஓணான், ஒரு தடவை நல்ல பாம்பும்கூட! ஒன்றையொன்று விரட்டும் பிராணிகள் அந்த மண்விளிம்பில் பகை மறந்து கழுத்தை நீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

கலயங்கள் வாங்கி வந்து, வேலை முடிந்த கையோடு நிலமெங்கும் வைத்து நிரப்பினேன். ஒரு குருவிகூட வரவில்லை. விடிந்து பார்த்தால் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. மறுபடி நிரப்பினேன், மறுபடி கவிழ்ந்தன. "எந்த மகராசியோ வேணும்னே செய்யிறா. நம்ம வாசல்ல ஒண்ணும் வந்துறக் கூடாதாம்," என்று பொருமினாள் அழகம்மாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆளைப் பிடித்தோம். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள்! வேலி இடுக்கில் நுழைந்து வந்து, கலயத்தைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டும் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பூரோங், மினும்," என்றேன் அரைகுறை மலாயில், பறவை குடிக்கட்டும் என்று. அவள் வானத்தைக் காட்டினாள். பெருகி ஓடும் சாக்கடையைக் காட்டினாள். ஙொய்யென்று கொசுவாய் ரீங்கரித்துத் தன் கையில் தானே குத்திக்கொண்டு, காய்ச்சல்காரி போல வெடவெடத்தும் காட்டினாள். மழைத் தண்ணீரை மறந்துபோய்த் தேங்க விட்டிருக்கிறான் பாவம், என்று தினமும் எனக்கு உபகாரம் செய்திருக்கிறாள்.

படியில் நின்ற அழகம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள், இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக. "கடல்ல கெடக்குற மீனுக்குத் தண்ணிப்பந்தல் வச்சிருக்கீங்க. நல்ல ஆளுதான் போங்க!"

நாம் எதற்கு ஏங்கினோமோ அதையே சுமந்துபோய் அடுத்த நாட்டின் வாசலில் நீட்டுகிறோம். கப்பலேறி வந்தவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. துணிக்கயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு வண்ணாத்திக்குருவி தொப்பலாய் நனைந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்குத்தான் முதலில் பட்டது. "அதுக்குத் தண்ணி எதுக்குங்க? காஞ்ச எடந்தான் இல்ல." ஒரு கலயத்தைத் துடைத்து, உள்ளே தேங்காய் நார் பரப்பி, தகரத் தாழ்வாரத்தின் அடியில் படுக்கைவாட்டில் கட்டச் சொன்னாள். வேலிமேல் பப்பாளித் துண்டுகள் வைத்தாள். பப்பாளிக்கு மைனா வந்தது, வௌவால் வந்தது. ஓர் உடும்பும் வர, சீனத்து அம்மாள் தன் கோழிகளைக் காக்கத் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். கலயத்துக்குள் வண்ணாத்திக்குருவி முட்டையிட்டது.

தை பிறந்தது. அவளே பேச்செடுத்தாள். "குஞ்சு பறக்கட்டுங்க, பாப்போம்." அந்தக் கப்பல் அவள் இல்லாமல் போயிற்று.

அதே வாரம் என் மைத்துனர் ஊரிலிருந்து எழுதியிருந்தார், பருவமழை பொய்த்துக் கண்மாயில் மாடு மேய்கிறது என்று. அன்று மாலை இங்கே தகரத்தைக் கிழிக்கிற மழை. கலயம் ஆட, குஞ்சுகள் கத்தின. அழகம்மாள் என் வேட்டி ஒன்றை உருவிவந்து, சாரல் படாமல் தாழ்வாரத்தில் விரித்துப் பிடித்தாள். "இங்கிட்டு நிக்கட்டும் சாமி, அங்கிட்டுப் பெய்யட்டும்," என்று வானத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மறுமுனையைப் பிடித்தபடி நானும் நனைந்துகொண்டு நின்றேன், அந்த வேண்டுதலில் எந்தப் பாதியை முதலில் கேட்பது என்று தெரியாமல்.