மாப்பிள்ளை சொல்லும் தண்ணீர்ச் சேதி

எல்லோர் வாயிலும் ஏதாவது போன பிறகுதான் சுரேந்தர் மைக்கைக் கையில் எடுப்பார். அதுவரை பலகாரத் தட்டோடு வரிசை வரிசையாகக் குனிந்து நடப்பார். "எடுங்க மாமா, ஒண்ணு பத்தாது, இன்னொண்ணு எடுங்க." வெறும் வயிற்றில் யாரும் கெட்ட சேதி கேட்கக்கூடாது என்பது அவர் கட்சி.

சேதி தண்ணீரைப் பற்றியது. வெள்ளகோவிலை அடுத்த இந்த ஊருக்கு மேற்கே ஒரு பூச்சிமருந்து ஆராய்ச்சி நிலையம் மூடிக் கிடக்கிறது. அங்கே புதைத்த மருந்து மண்ணில் இறங்கி ஊர்க் கிணறுகளுக்கு வந்துவிட்டது. பல ஆண்டுகளாக மண்ணை அள்ளுகிறார்கள், தண்ணீரை இறைத்து வடிகட்டுகிறார்கள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று மாதாமாதம் ஊரைக் கூட்டிச் சொல்வது சுரேந்தரின் உத்தியோகம்.

அவரை நியமித்தவர் பலே ஆள். சுரேந்தர் இந்த ஊர் மாப்பிள்ளை. கொங்குச் சீமையில் மாப்பிள்ளையை யாரும் வைய மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவருடைய மாமனார் பொங்கியண்ணனைத் தனியே பிடித்து வைவார்கள். பொங்கியண்ணன் கிணறும் கெட்டுப்போனதுதான். இருந்தும் வசவை வாங்கிக்கொண்டு, கூட்டம் போடத் தன் களத்தையும் விட்டுக்கொடுக்கிறார். "பொண்ணக் குடுத்துப்போட்டமுங்க, என்ன பண்றது?" என்றார் என்னிடம்.

சுரேந்தரிடம் மாப்பிள்ளை முறுக்கு துளியும் கிடையாது. விஷம் என்ற சொல்லே அவர் வாயில் வராது. "தண்ணிக்கு இன்னும் ஒடம்பு சரியாகலீங்க" என்பார். வரைபடத்தில் கெட்ட கிணற்றுக்குச் சிவப்புப் புள்ளி. தோட்டத்துக்காரர் முகம் வாடுமே என்று அதை விரலால் மறைத்துக்கொண்டேதான் காட்டுவார். அதனால் ஊர் புள்ளியை விட்டுவிட்டுத் தட்டைப் பார்க்கப் பழகிவிட்டது. வேகவைத்த கடலை வந்தால் போன மாதம் மாதிரியேதான். இனிப்பு வந்தால் ஏதோ மோசம். லட்டு வந்த மாதம் மூன்று கிணறுகள் போயின.

நான் போயிருந்த அன்று மைசூர்பாகு வந்தது, நெய் மணக்க.

ஒருவரும் தொடவில்லை. முன்வரிசையில் இருந்த பழனாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "எத்தன கெணறுங்க மாப்ள?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எல்லாக் கெணறும் நல்லாயிருச்சுங்க. திருப்பித் திருப்பி டெஸ்ட் பண்ணிப்போட்டாங்க. இனிக் குடிக்கலாமுங்க."

எல்லோரும் மறுபடி தட்டைத்தான் பார்த்தார்கள். பழனாத்தாள்தான் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "என்னத்தையோ மறைக்கத்தான் இத்தன நெய் ஊத்திக் கொண்டாந்திருக்கறாரு, பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுரேந்தர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் மனிதர் இத்தனை ஆண்டு காத்திருந்தார். அதை நம்ப ஓர் ஆள் இல்லை.

மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. "மாப்ளைக்குத் தொண்ட காஞ்சுபோச்சு" என்று கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். சுரேந்தர் அதை வாங்கி, மூடி, நாற்காலியில் வைத்தார். வீட்டுக்குள் போய் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மாமனாரின் கிணற்றடிக் குழாயை நோக்கி நடந்தார். ஊரே எழுந்து நின்றது.

"ஏனுங்க மாப்ள, என்ற பொண்ண நெனச்சுப் பாருங்க" என்று பொங்கியண்ணன் பின்னாலேயே ஓடினார்.

சுரேந்தர் சொம்பை நிறைத்தார். அண்ணாந்து பாதியைக் குடித்தார். மீதியை இரண்டு கையாலும் பிடித்து, மிகுந்த மரியாதையோடு மாமனாரிடம் நீட்டினார்.