தலைவலி மாத்திரைக் கோலம்

அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மருந்துகளின் உள்ளமைப்பைக் காட்டும் படங்களை, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக ஒரே வரியில் எழுதித் தருகிற வேலை. "படத்தக் காட்டுனா மெஷினுக்குப் புரியாது கண்ணு. எழுத்துன்னா படிச்சுக்கும்" என்பாள். பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்த எங்கள் வீட்டில் இதை ஒரு வேலையென்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

லீவில் வந்திருந்த அவளைப் பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்யாணத்துக்கப்புறம் வேலை கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். அப்பா தலையாட்டிவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. எனக்குப் புதுப்பாவாடை கிடைத்த சந்தோஷம்.

அன்று காலை அத்தையைக் கோலம் போடச் சொன்னார்கள். அவள் புள்ளியே வைக்காமல் பெரிதாக ஆறு மூலைக் கட்டம் ஒன்றைப் போட்டு, கீழே கோலமாவிலேயே இங்கிலீஷில் ஒரு வரி எழுதினாள்.

"என்னங்க அத்தை இது?"

"தலைவலி மாத்திரை."

கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலைக் கீழே வைத்தார், வாசலைப் பார்த்தார், காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பாலக்காட்டுப் பக்கம் என்றாலே தகடும் மாந்திரீகமும்தான் என்று நம்புகிறவர்.

"ஏனுங்க, வாசல்லயே சக்கரம் எழுதி வெச்சிருக்கறீங்க? எங்க பையன மயக்கறதுக்குங்களா?"

நிலைமையைச் சரிசெய்ய நினைத்து நான் ஓடிப்போய், "அது மாத்திரைங்க!" என்று கத்தினேன். மருந்து வேறு வைப்பார்கள் போலிருக்கிறதே என்று பயந்து கார் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் 'மந்திரவாதி ஊட்டுப் புள்ள' ஆனேன். பக்கத்தில் உட்கார்ந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போனாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தை பம்பாய்க்குத் திரும்பிய அன்று, யாரோ போலத் தள்ளியே நடந்து பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் சிரித்தாள். எங்கள் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு இவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று, நான் கையசைக்கவேயில்லை.

அத்தை எழுதிய முறை பின்னால் வழக்கொழிந்து, வேறு முறைகள் வந்தன. ஆனாலும் மருந்தை ஒரே வரியில் எழுதுவதை உலகம் விடவில்லை. அத்தையும் ஓய்வு பெறும்வரை விடவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். நான் வேலைக்குப் போன பிறகு என்னையும் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்கப்புறம் வேலை கூடாது என்றார்கள். அத்தை ஏன் சிரித்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அப்பா அன்றும் தலையாட்டினார். வாசலில் அழகான புள்ளிக்கோலம் இருந்தது. நான்தான் போட்டிருந்தேன்.