இரும்புக்கு வெளியே இருந்த கம்பி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிள்ளானில் நான் வேலை செய்யும் மோட்டார் தொழிற்சாலையில் அது எல்லாருக்கும் தெரியும். அதனால் அன்று என் கணினித் திரையை எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்க ஒருவருக்குத்தான் துணிச்சல் இருந்தது: மோட்டாருக்குள் வைக்கும் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, கையால் சுற்றும் அக்காவுக்கு.

திரையில் இருந்தது காப்பார் எண்ணெய்ப்பனை ஆலைக்கான புது மோட்டார். மோட்டாரைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டி, அந்தத் துண்டில் காந்தப்புலம் எப்படி ஓடுகிறது என்று கணினியில் பார்ப்பது என் வேலை. முழுப் பாரத்தோடு கிளம்ப வேண்டும் என்பது ஆலையின் நிபந்தனை. கிளம்பும் என்றது என் கணக்கு. மறுநாள் மோட்டாரின் இரும்புத் தகடுகளை வெட்டும் அச்சுக்கு ஆர்டர் போகவிருந்தது. அச்சு வந்தபின் தப்பென்று தெரிந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மதுரையிலிருந்து வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்த என்னையும் சேர்த்து.

"படம் அழகாத்தான் இருக்கு, பாஸ். இரும்புக்கு வெளிய அரை நாள் உக்காந்து வளைச்சுக் கட்டுறேனே, அந்தக் கம்பி எங்க?"

"அக்கா, இது குறுக்குவெட்டு. அதெல்லாம் இதுல தெரியாது. போய் வேலையப் பாருங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

"சரி லா. படத்துல தெரியல, கணக்குல இருக்கா?"

படத்துக்குள் வராத அந்த வளைவில் கசிந்து வீணாகும் காந்தப்புலத்துக்குக் கணக்கில் தனியாக ஓர் எண் கொடுக்க வேண்டும். திறந்து பார்த்தேன். பூஜ்யம். அட மடையா!

அக்கா காயில் கட்டும் நாடாவை அதே அளவில் தான் சுற்றிய ஒரு காயிலின் வளைவின் மேல் ஓட்டி, அளவாக நறுக்கி என் மேசையில் வைத்தார். அந்த நீளத்தை வைத்துக் கணக்கை ஓட்டியதும் மோட்டார் திரையிலேயே கிளம்ப மறுத்தது. மேனேஜரிடம் போய், "ஆர்டரை நிறுத்துங்க, தப்பு என்னோடது" என்றேன். அவர் முறைத்தார், பிறகு ஒரு வாரம் கொடுத்தார். உள்ளே சுற்றும் பாகமான ரோட்டரின் பள்ளங்களின் வடிவத்தை, திரையில் மோட்டார் கிளம்பும்வரை மாற்றினேன்.

மோட்டார் தயாரானதும் சோதனையில் முழுப் பாரத்தை ஏற்றி சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் ஒரு கணம் முனகிவிட்டுச் சுற்றியது. கண் கலங்கிவிட்டது எனக்கு. "என் கம்பியையும் சேத்தாச்சா, பாஸ்?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்க, நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெர்மிட் புதுப்பித்த அன்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போய், "உங்களாலதான், அக்கா" என்று கொடுத்தேன். அந்த நாடாத் துண்டு இன்னும் என் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. எந்த மோட்டாரை வரைந்தாலும் ஆர்டருக்கு முன் அவரைக் கூப்பிடுகிறேன்.

"வாங்க அக்கா, எதை விட்டிருக்கேன்னு பாருங்க."