கழுத்தில் கத்தி, கண் பேஸ்போலில்

சில வருஷங்களுக்கு முன், ஓர் ஒக்டோபர் சனிக்கிழமை. அன்று மாலை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. முகத்தைச் சேவ் எடுத்துக்கொண்டு போகலாமென்று, மொன்ட்ரியாலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி நடத்தும் சலூனுக்குப் போனேன். போன நேரம்தான் சரியில்லை.

மொன்ட்ரியாலுக்கென்று இருந்த பேஸ்போல் அணி ஊரைவிட்டுப் போய் வெகுகாலம். அதனால் அந்தத் தம்பி ரொறன்ரோ அணியைத் தத்தெடுத்திருந்தார். வசந்தம் தொடங்கி ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவர். அன்று தோற்றால் அந்த வருஷம் அவ்வளவுதான். வென்றால் மறுநாளும் ஆடலாம். கடையில் முடி வெட்ட வந்தவர்கள் பாதி, கத்த வந்தவர்கள் பாதி. தொலைக்காட்சி எனக்கு நேரே, கண்ணாடிக்கு மேலே.

நான் உட்காரும்போது எங்கள் அணி நன்றாக முன்னுக்கு நின்றது. ஒரு கன்னம் முடிவதற்குள் எதிரணி துரத்தத் தொடங்கிவிட்டது. தம்பியின் கண் மேலே போகும். கத்தி என் கழுத்தில் நிற்கும். எழுந்து ஓடலாமென்றால் பாதி முகத்தில் நுரை.

"தம்பி, மட்ச் முடியட்டும். பேந்து மிச்சத்தைப் பாப்பம்" என்றேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. தலையை மட்டும் ஆட்டாதேங்கோ."

தலையை ஆட்டுகிற நிலையிலா இருந்தேன்? எச்சில் விழுங்கவே பயம்.

எதிரணி அடித்த பந்து மேலே எழும்பியது. அதைப் பிடிக்க எங்கள் ஆட்கள் இருவர் ஓடிவந்து ஒருவரோடொருவர் மோதினார்கள். பந்து புல்லில் விழுந்தது, முன்னிலையும் போயிற்று. பின்னால் நின்ற தடித்த மனிதர் ஒருவர் "ஐயோ!" என்று துள்ளித் தம்பியின் முதுகில் வந்து மோதினார். நாற்காலி ஆடியது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை நுரையில் சிவப்பு. கதை முடிந்தது என்றே நினைத்தேன். மனைவியும் பிள்ளைகளும் கண்முன் வந்து போனார்கள்.

ஆனால் எனக்கு வலிக்கவில்லை. இரத்தம் அவருடையது. அந்த ஒரு நொடியில் கத்தியைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார். என் தோலை இழுத்துப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரலை அது கிழித்துவிட்டது.

விரலைக் கழுவிப் பிளாஸ்டர் ஒட்டினார். புது பிளேட் மாட்டினார். பிறகு போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். கடையே கத்தியது.

"பாக்கிற ஆக்கள் வேறை எங்கையும் போய்ப் பாருங்கோ" என்றார். எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. "வருஷம் முழுக்கப் பாத்தனீர், தம்பி. கடைசியில விடக்கூடாது. ரிவியைப் போடும்" என்றேன்.

"ரொறன்ரோக்காரருக்கு அடுத்த வருஷம் இருக்கு அண்ணை. உங்களுக்கு ஒரு கழுத்துத்தானே."

அமைதியான கடையில் மற்றக் கன்னத்தை முடித்தார். ரொறன்ரோ தோற்றதை நான் கல்யாண மண்டபத்தில்தான் அறிந்தேன். எனக்கு பேஸ்போல் ஒன்றும் தெரியாது, ஆனாலும் அவரை நினைத்து அன்று துக்கமாக இருந்தது.

நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன். பின்னால் பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரிக் கத்தும்போது, என்னவென்று திரும்பிப் பார்க்க மனம் துடிக்கும். அன்று என் உயிர் அவர் கையில் இருந்தது, இன்று இத்தனை பேர் பெற்ற பிள்ளைகள் என் கையில் என்று நினைத்துக்கொண்டு, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டுகிறேன்.